மாட்டின் ரத்தம் சொல்லும் கணக்கு

1987-ஆம் ஆண்டு, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், விழுப்புரத்தை அடுத்த அரசூரில் செம்மறி ஆடுகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தன. மூக்கில் சளி, வாயெல்லாம் புண், நிற்காத கழிச்சல். அந்தக் காலத்தில் ஆடுகளுக்கு இப்படி வந்தால், மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் தொற்றிவிட்டது என்று முடிவு கட்டுவதே வழக்கம். அரசூர் ஆடுகளின் மாதிரிகளை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோதுதான், வெக்கை வைரஸுக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு வைரஸ் இந்தியாவில் இருப்பது முதன்முதலாக உறுதியானது. இன்று ஆட்டுக்கொல்லி நோய் என்று நாம் அழைப்பது அதைத்தான்.

அந்த வைரஸைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தைக் குறைத்து, தடுப்பூசியாக மாற்றியது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். அந்த வித்து வைரஸுக்கு 'அரசூர் 87' என்றே பெயர். பிறகு இமாசலப் பிரதேசத்தில் கிடைத்த 'சுங்ரி 96' வைரஸிலிருந்து இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. ஒழுங்காகப் போட்டால் ஒரே ஊசி ஆட்டுக்குச் சில ஆண்டுகள் காவல் நிற்கும். 2030-க்குள் ஆட்டுக்கொல்லியை உலகிலிருந்தே ஒழிப்பது என்று சர்வதேச அமைப்புகள் இலக்கு வைத்திருப்பது இப்படிப்பட்ட தடுப்பூசிகளை நம்பித்தான்.

கால்நடை நலத்தில் உயிரித் தொழில்நுட்பம் என்றதும் குளோனிங் கன்றுக்குட்டியும் மரபணு மாற்றமும் வெளிநாட்டு ஆய்வகமும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில், நம் ஆடு மாடுகளுக்கு அவசரமாகத் தேவைப்படும் அறிவியலில் பெரும்பகுதி ஏற்கெனவே நம்மிடம் புட்டிக்குள் இருக்கிறது. அந்தப் புட்டிக்கும் கொட்டிலில் நிற்கும் மாட்டுக்கும் நடுவேதான் அது வீணாகிறது. எத்தனை ஊசி போட்டோம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கும் பழக்கத்தை விட்டு, எத்தனை மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி உண்டாகியிருக்கிறது என்று அளந்து, அதை ஊரறியச் சொல்லும் பழக்கத்துக்கு அரசு மாற வேண்டும். அப்படி அளக்கும் கருவியையும் இதே தொழில்நுட்பம்தான் நம் கையில் தந்திருக்கிறது.

வெக்கை நோய் ஒழிந்த வரலாறு இதற்குப் பெரிய சான்று. பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் அது ஒன்றுதான். எதிர்ப்பு சக்தி இல்லாத மந்தைக்குள் புகுந்துவிட்டால் பெரும்பாலான மாடுகள் பிழைக்காது, உழவு நின்றுபோகும். இந்தியாவில் கால்நடை ஆராய்ச்சிக்கு வித்திட்டதே இந்த நோய்தான். 1889-இல் புணேயில் தொடங்கி 1893-இல் குமாவோன் மலையில் உள்ள முக்தேசுவரத்துக்குப் போன ஆய்வகமே இன்றைய இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். அங்கேதான் 1920-களில் ஜே.டி.எட்வர்ட்ஸ், வெக்கை வைரஸை வெள்ளாடுகளின் உடலில் அடுத்தடுத்துச் செலுத்தி வீரியம் குறைத்து மாடுகளுக்குத் தடுப்பூசி ஆக்கினார். பிற்பாடு கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் அதைச் செல் வளர்ப்பு முறைக்குக் கொண்டுபோனார். விலை மலிவாகவும் தரம் சீராகவும் கோடிக்கணக்கில் தயாரிக்க வழி பிறந்தது. 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

இந்தியா 1954-இல் நாடு தழுவிய வெக்கைத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுதோறும் கணக்கற்ற ஊசிகள் போடப்பட்டன. நோய் வெகுவாகக் குறைந்தது, ஒழியவில்லை. எங்கோ ஒரு மூலையில் பதுங்கியிருந்து மறுபடி தலைகாட்டியது. 1992-இல் தொடங்கிய அடுத்த திட்டம்தான் அணுகுமுறையையே மாற்றியது. ஊர் ஊராகப் போய் நோயைத் தேடினார்கள். ரத்த மாதிரி எடுத்தார்கள். எந்த வட்டாரத்தில் எதிர்ப்பு சக்தி இருக்கிறது, எங்கே இல்லை என்று ஆய்வகத்தில் பார்த்தார்கள். கடைசியில், துணிந்து ஊசியையே நிறுத்திவிட்டு, நோய் வருகிறதா என்று விழித்திருந்து பார்த்தார்கள். 1995-இல் தமிழ்நாட்டில் பதிவானதே இந்தியாவின் கடைசி வெக்கை. 2006-இல் இந்தியா அத்தொற்றிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுபட்டது. நல்ல தடுப்பூசி பல பத்தாண்டுகளாகக் கையில் இருந்தும், அது வேலை செய்கிறதா என்று அளக்கத் தொடங்கிய பிறகுதான் நோய் ஓய்ந்தது.

இனி கோமாரிக்கு வருவோம். கால்காணை, வாய்க்காணை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் வெடித்து, நூல் நூலாக எச்சில் ஒழுகும். குளம்பிடுக்கில் புண் வந்து மாடு காலை உதறிக்கொண்டே நிற்கும். நோயுற்ற தாயின் மடியில் பால் குடித்த கன்று, இதயத் தசை பாதித்துத் திடீரென்று விழுந்து சாகும். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால், பிழைத்த பிறகுதான் வீட்டுக்காரருக்குத் துயரம் தொடங்குகிறது. பால் பழைய அளவுக்கு வராது. சில மாடுகள் வெயில் ஏறியதும் இரைத்துக்கொண்டு நிழலைத் தேடும்; ரோமம் அடர்ந்துபோகும்; சினை பிடிக்காது. கூட்டுறவு வங்கிக் கடனில் வாங்கிய கலப்பினப் பசு கடைசியில் அடிமாட்டு விலைக்குப் போகும். 2013-இல் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் கோமாரி பரவியபோது இதையெல்லாம் கண்ணெதிரே பார்த்த குடும்பங்கள் ஏராளம்.

இந்த நோய்க்கான தடுப்பூசி தயாராகும் விதம் வியப்புக்குரியது. வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து 1960-களின் தொடக்கத்தில் பெறப்பட்ட ஒரு செல் வரிசை இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே இருக்கிறது. ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுக் கலன்களில் அந்தச் செல்களை மிதக்கவிட்டு, அவற்றில் கோமாரி வைரஸை வளர்க்கிறார்கள். பிறகு வேதிப்பொருளால் வைரஸைச் செயலிழக்கச் செய்து, சுத்திகரித்து, எண்ணெயில் குழைத்துப் புட்டியில் அடைக்கிறார்கள். கோமாரி வைரஸில் ஏழு வகை உண்டு. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. இந்தியாவில் சுற்றுபவை ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்று. அதனால் நம் ஊசியில் மூன்றும் இருக்கும்.

சுத்திகரிப்பு என்றேனே, அதில்தான் விஷயம் இருக்கிறது. வைரஸ் உயிரோடு பெருகும்போது மட்டும் உண்டாகும் சில புரதங்களை, சுத்திகரிப்பின்போது தடுப்பூசியிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஆகவே ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். அந்தப் புரதங்களுக்கு எதிரானது இருக்காது. நோய் வந்து போன மாட்டில் இரண்டுமே இருக்கும். எலைசா பரிசோதனையில் சில துளி ரத்தம் போதும்: ஊசி பிடித்திருக்கிறதா, சத்தமில்லாமல் நோய் வந்து போயிருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். இந்தப் பரிசோதனையை நம் நாட்டு விஞ்ஞானிகளே உருவாக்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவத்தில் உயிரித் தொழில்நுட்பம் செய்த மிகப் பெரிய உதவி எது என்று என்னைக் கேட்டால், தடுப்பூசிக்கு இணையாக இதைச் சொல்வேன்.

2019 செப்டம்பரில் மத்திய அரசு கோமாரியையும் கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸையும் ஒழிக்க 13,343 கோடி ரூபாயில் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2025-க்குள் கட்டுப்படுத்துவது, 2030-க்குள் ஒழிப்பது என்பது இலக்கு. ஒவ்வொரு மாட்டுக்கும் 12 இலக்க எண் கொண்ட காதுவில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி, எல்லாம் கணினிப் பதிவு. திட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. களத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஊசி முகாம் காலை ஐந்தரை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். மாடு மேய்ச்சலுக்குப் போகுமுன் பிடித்தாக வேண்டும். கால்நடை மருத்துவரும் உதவியாளரும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து மருந்தைக் கொண்டுவருவார்கள். வீட்டுக்காரம்மா மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்க, கழுத்துத் தசையில் ஊசி இறங்கும். உதவியாளர் காதுவில்லை எண்ணைப் படித்துச் சொல்ல, மருத்துவர் கைப்பேசியில் ஏற்றுவார். அடுத்த வீட்டில் ஒரு அம்மா தயங்குவார். "சார், இது ஏழு மாசச் சினை. போன தடவை போட்டு ரெண்டு நாளா பால் கறக்கல. இப்ப வேணாம் சார்." அவர் சொல்வதில் தவறே இல்லை. நிறைசினை மாட்டுக்கு ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் முறை. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் பால் குறைவதும் உண்மைதான். "சரிம்மா, கன்னு போட்ட பிறகு சொல்லுங்க, வந்து போடறோம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போவார். கன்று ஈனும்போது முகாம் முடிந்திருக்கும். மருத்துவருக்கோ அதற்குள் வேறு பத்து ஊர், செயற்கைக் கருவூட்டல், பிரேதப் பரிசோதனை, கூட்டம், அறிக்கை. அந்த மாடு அடுத்த ஆறு மாதம் காவலின்றி நிற்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கன்றுகளிடம் இருக்கிறது. நாலு மாதக் கன்றுக்கு முதல் ஊசி போட்டால், நாலு வாரத்தில் இரண்டாவது ஊசி போட வேண்டும். முதல் ஊசி உடலுக்கு வைரஸை அறிமுகம் செய்கிறது. இரண்டாவதுதான் எதிர்ப்பு சக்தியை நிலைநிறுத்துகிறது. திட்ட விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனால், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருவிழாபோல் வந்து போகும் முகாம், நாலு வாரம் கழித்து நாலு கன்றுக்காகத் திரும்பி வருவது கடினம். பதிவேட்டில் அந்தக் கன்று 'ஊசி போடப்பட்டது'. அதன் ரத்தத்தைச் சோதித்தால் வேறு பதில் வரலாம்.

அடுத்தது குளிர். கோமாரித் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியின் பின்னால் கட்டிய பெட்டி, பிற்பகல்வரை அந்தக் குளிரைத் தாங்குமா? வெப்பம் மட்டுமே பகை என்று நினைத்து, மின்வெட்டுக்குப் பயந்து உறைபெட்டிக்குள் வைத்தாலும் மருந்து கெடும். எண்ணெய்க் குழம்பு உறைந்தால் பிரிந்துபோகும். போலியோ சொட்டு மருந்துப் புட்டியில், சூடு பட்டால் நிறம் மாறிக் காட்டும் சிறு வில்லை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். அதை ஒவ்வொரு கால்நடைத் தடுப்பூசிப் புட்டிக்கும் கட்டாயமாக்க வேண்டும். கெட்ட மருந்தை ஏற்றிவிட்டு, "ஊசி போட்டும் நோய் வந்துடுச்சே" என்று விவசாயி கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்பது களத்தில் இருக்கும் மருத்துவர்தான். அப்படி ஒருமுறை ஏமாந்த ஊரில் அடுத்த முறை பாதி வீடுகளின் படல் திறக்காது.

அறிவியல் கிராமத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டதற்கும் நம்மிடமே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் ராணிக்கெட் நோயை நாம் வெள்ளைக்கழிச்சல் என்போம். பெரும் பண்ணைகள் தடுப்பு மருந்தை முறையாகக் கொடுத்துவிடுகின்றன. புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்கும் பாட்டி என்ன செய்வார்? நூறு கோழிக்கான புட்டியைத் திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும், குளிர்பெட்டியும் வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், வெப்பத்தைத் தாங்கும் வைரஸ் ரகத்தைக் கொண்டு குருணை வடிவில் தடுப்பு மருந்தை உருவாக்கியது. தீனி போடுவதுபோல் அதைத் தூவினால் கோழி கொத்தித் தின்றுவிடும். ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். கிராமத்து நிலைமையைத் தெரிந்த ஒருவர்தான் இப்படி யோசிக்க முடியும். இந்தக் குருணை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் எந்நாளும் கிடைக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி ஊசியிலும் இதே சிக்கல் இருக்கிறது: நூறு ஆட்டுக்கான புட்டி, ஆனால் வீட்டுக்கு மூன்று நான்கு ஆடுகள். சின்னப் புட்டியில் அடைத்துத் தருவதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

புதிதாக ஒரு நோய் வரும்போது நாம் எவ்வளவு விரைகிறோம்? தோல் கழலை நோய் இந்தியாவில் முதன்முதலாக 2019-இல் ஒடிசாவில் கண்டறியப்பட்டது. கொசுவும் ஈயும் உண்ணியும் பரப்பும் நோய். உடம்பெங்கும் முடிச்சு முடிச்சாகக் கட்டி எழும். 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தொடங்கி நாடு முழுவதும் பரவி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. 2019-லேயே ராஞ்சியில் மாடுகளிடமிருந்து எடுத்து வைத்திருந்த வைரஸைக் கொண்டு, ஹிசாரில் உள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையம் தடுப்பூசியை உருவாக்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. மூன்றே ஆண்டுக்குள் உள்நாட்டுத் தடுப்பூசி என்பது பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால், அத்தொழில்நுட்பத்தை ஏற்ற பயோவெட் நிறுவனத்தின் ஊசிக்கு உரிமம் கிடைத்தது 2025 பிப்ரவரியில். நடுவில் போன இரண்டரை ஆண்டு? அதுவரை வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியை வைத்துச் சமாளித்தோம். அது உறவுமுறை வைரஸ் என்பதால் ஓரளவு காத்தது, மறுக்கவில்லை. பாதுகாப்புச் சோதனைகள் தேவை. அவற்றைக் குறுக்கச் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் மனிதத் தடுப்பூசிக்குச் சோதனையும் உற்பத்தியும் அனுமதிப் பரிசீலனையும் அருகருகே நடந்தனவே, அந்த அக்கறை மாட்டுக்கும் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

நாட்டு மாடுகளுக்கு ஊசி எதற்கு, மூலிகை போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். கோமாரிப் புண்ணுக்குச் செய்யும் மூலிகை மருத்துவத்தையும், மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு கொண்டு செய்யும் மருத்துவத்தையும் நம் கால்நடைப் பல்கலைக்கழகமே ஆய்ந்து பரப்புகிறது. ஆன்டிபயாடிக் ஊசிகளைக் குறைக்க அது நல்ல வழி. அது வந்த நோயின் வேதனையைத் தணிக்கும். நோய் வராமல் தடுக்கும் வேலை தடுப்பூசியுடையது. நாட்டு மாடுகளுக்குக் கோமாரி பெரும்பாலும் இலேசாக வந்து போகிறது என்பதும் உண்மைதான்; அதனாலேயே அவை அடையாளம் தெரியாமல் கிருமியைச் சுமந்து சந்தைக்கும் பக்கத்துக் கொட்டிலுக்கும் கொண்டுபோகவும் கூடும். ஊரில் ஒரு பகுதி மாடுகள் விடுபட்டால் மீதிக்குப் போட்ட ஊசியின் பலனும் குறைகிறது. கோமாரியைப் பொறுத்தவரை ஏறத்தாழ 80 விழுக்காடு மாடுகளிடமாவது எதிர்ப்பு சக்தி இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கச் செய்யும் உறைவிந்து, கருமாற்றம் போன்றவற்றுக்கு இப்போது நிறைய விளம்பரமும் நிதியும் கிடைக்கின்றன. நல்லதுதான். அப்படிப் பிறந்த கன்று இரண்டாவது கோமாரி ஊசி கிடைக்காமல் செத்தால் அந்தச் செலவு யாருக்குப் பயன்பட்டது?

இதில் மனிதர் நலமும் சேர்ந்திருக்கிறது. புருசெல்லோசிஸ் கண்ட பசுவின் கன்றுவீச்சைக் கையால் எடுத்துப் போடும் பெண்ணுக்கும், பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்து மாதக்கணக்கில் வாட்டும். நாலு முதல் எட்டு மாதமான கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஊசி போட்டால் பசு காக்கப்படும். அதைக் கறக்கும் கையும் காக்கப்படும்.

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 95 லட்சம் மாடுகளும் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. அவற்றில் பெரும்பங்கு, நிலமில்லாத அல்லது கொஞ்சம் நிலமுள்ள குடும்பங்களின் பெண்கள் கையில் வளர்பவை. பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அவசரத்துக்கு விற்கும் சொத்து ஆடுதான்.

இவர்களுக்காக அரசு செய்யக்கூடியவை எளியவை. ஒவ்வொரு ஊசிச் சுற்றுக்குப் பிறகும் எத்தனை மாட்டில் எதிர்ப்பு சக்தி உண்டானது என்ற ஆய்வக முடிவு ஆராய்ச்சி நிறுவனங்களின் அறிக்கைக்குள் முடங்கக் கூடாது. மாவட்டவாரியாக வெளியாக வேண்டும்; ஆவின் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். குறைந்த இடத்தில் காரணம் குளிரா, மருந்தின் தரமா, விடுபட்ட கன்றுகளா என்று தேடி, அங்கே மறுபடி போட வேண்டும். விடுபட்ட சினை மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் மாதந்தோறும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். காதுவில்லை எண் கணினியில் இருக்கும்போது, எந்தக் கன்றுக்கு எப்போது இரண்டாவது ஊசி என்று வீட்டுக்காரரின் கைப்பேசிக்குத் தமிழில் செய்தி அனுப்புவது பெரிய காரியமில்லை. காலியாக இருக்கும் கால்நடை மருத்துவர், உதவியாளர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். 1932-இல் ராணிப்பேட்டையில் தொடங்கி இன்றுவரை அரசு நடத்திவரும் தடுப்பு மருந்து நிலையத்துக்கு நவீனச் செல் வளர்ப்புக் கலன்களும் ஆட்களும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். அடுத்த புதிய நோய் வரும்போது அதுதான் முதலில் கைகொடுக்கும்.

மாடு வளர்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கோமாரி ஊசிக்கு ஆள் வரும்போது உங்கள் கன்றையும் பிடித்து நிறுத்துங்கள். அதற்கு அது முதல் ஊசியா என்று கேளுங்கள். முதல் ஊசி என்றால், நாலு வாரம் கழித்து இரண்டாவதை எந்தத் தேதியில் போடுவார்கள் என்று அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் யாரும் வரவில்லை என்றால், கன்றை ஓட்டிக்கொண்டு மருந்தகத்துக்கே போங்கள். அந்த ஊசி உங்கள் உரிமை.